தண்டியடிகளின் கயிறு

நாயன்மாரில் ஒருவரான தண்டியடிகளின் புராணம் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவருக்குக் கண் கிடைத்த இடத்தில்தான் குரலை உயர்த்துவார்கள். பங்குனிச் சதயத்தன்று குருபூஜையில் பேசுகிறவரும் அப்படித்தான், தெருமுனை மேடையில் பேசுகிறவரும் அப்படித்தான். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது கயிறு.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். திருவாரூர்க் கோயிலுக்கு மேற்கே இருந்த குளம், சமணர் குடியிருப்புகள் நெருங்கி வந்து சிறுத்துக் கிடந்தது. அதைத் தோண்டி அகலமாக்க ஆசைப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பம் நட்டார், கரையில் ஒன்று நட்டார், நடுவே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டிவிட்டு, தடவிக்கொண்டே இறங்கினார். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிடவில்லை. சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர் என்பார்கள். வேலை என்பது எப்படி நடக்கும் என்று தெரிந்த மனுஷர். பக்தியால் மண் தானாக ஏறியது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கம்பத்தையும் கயிற்றையும் எழுதினார்.

பிறகு சமணர்கள் வருகிறார்கள். முதலில் இதமாகத்தான் பேசுகிறார்கள்: மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் சாகும், வேண்டாம். அவர் கேட்கவில்லை. கண்தான் போயிற்று என்றால் காதும் போயிற்றா என்று ஏளனம். பேச்சு தடிக்கிறது. என் கண் தெரிந்து உங்கள் கண் போனால் என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்கிறார். அப்படி நடந்தால் ஊரைவிட்டே போகிறோம் என்கிறார்கள் அவர்கள். அதோடு மண்வெட்டியைப் பிடுங்கி, கம்பங்களையும் கயிற்றையும் பறித்துப் போடுகிறார்கள். (இது ஒரு சைவர் எழுதிய கணக்கு. சமணர் தரப்புக் கணக்கு நம்மிடம் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சீவகசிந்தாமணியை மனசு ஒன்றி நடத்தியவள் நான். எனக்குச் சமணரோடு வழக்கு கிடையாது.) நான் கவனிக்கிறது வரிசையை மட்டும். முதலில் கருணை, அடுத்து ஏளனம், கடைசியில் பறிப்பு. இந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் திருவாரூர்க்காரி. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இருபதுகளின் கடைசியில் ஆரம்பித்த தசைச்சிதைவு முதலில் கால்களை எடுத்துக்கொண்டது, பிறகு தோள்களை. விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்கின்றன. எழுதுவேன், பக்கம் புரட்டுவேன், தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் நானே பிசைந்து சாப்பிடுவேன். படுக்கையில் புரள, எழுந்து உட்கார, கழிப்பறைக்குப் போக, தலை வாரிக்கொள்ள இன்னொருவர் கை வேண்டும்.

தன் கையே தனக்கு உதவி என்று பழமொழி வைத்திருக்கிற ஊரில் இது சங்கடமான நிலை. என் பெரியப்பா மகன் ஒருமுறை நேராகவே கேட்டான்: “இன்னொருத்தர் தூக்கிவிட்டாத்தான் எந்திரிக்க முடியுங்கிறப்ப, உன் இஷ்டம்னு தனியா ஒண்ணு எப்படிக்கா இருக்கும்? அவங்க இஷ்டந்தானே உன் இஷ்டம்?” அவன் வக்கீல். கேலிக்காகக் கேட்கவில்லை, அதனால் எனக்கும் கோபம் வரவில்லை. அவனுக்கு அன்று ஏதோ பதில் சொன்னேன், அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்தேன் என்று சொன்னால் மிகை. அங்கே போன பிறகுதான் கேள்வியின் முழு உருவம் தெரிந்தது.

முதலில் வினையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயிலில் என் வீல்சேரைப் பார்த்ததும் பத்தில் எட்டுப் பேர் அங்கேதான் போவார்கள். போன பிறவியில் என்ன செய்தேனோ, அனுபவிக்கிறேன். சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். சித்தாந்தப்படி இந்த உடம்பு பிராரத்தத்தால் வந்தது. ஆனால் அதே சித்தாந்தம் ஆகாமியம் என்று இன்னொன்றையும் சொல்கிறது: பழைய வினையை நுகரும்போதே உயிர் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் வினை. சேர்க்க வேண்டுமானால் நான் ஒன்றைத் தேர்ந்து செய்ய வேண்டும். என் உடம்பை வினையால் விளக்குகிறவர்களே, எங்கே போகலாம், எதை உண்ணலாம், யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் எனக்காக முடிவு செய்யவும் வருகிறார்கள். பழைய கடனைக் கட்டு என்பார்கள், புதுக் கணக்கு தொடங்க விடமாட்டார்கள். நல்வினையோ தீவினையோ, செய்ய வாய்ப்பே தராத ஒரு உயிரை அவர்கள் கணக்கிலேயே எங்கே வைப்பார்கள்?

அம்மா போன பிறகு தனியாக இருக்க முடியுமா என்ற யோசனையில் ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போனேன். பளிச்சென்ற கட்டடம், தரை துடைத்த பினாயில் வாசனை, சுவரில் வள்ளலார் படம். நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலை ஐந்து மணிக்குக் குளியல், எட்டரைக்கு விளக்கு அணைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குறைத்துக் கொடுப்போம், ராத்திரி எழுப்ப வேண்டாம் பாருங்கள், என்று பொறுப்பாளர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். “நைட்டிதான் போட்டுக்கணும் டீச்சர். எங்க பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.” என் உடம்பு, அவர்கள் வசதி. அங்கிருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாரும் ஒரே பூப்போட்ட நைட்டி. யாருக்கும் அடி இல்லை, பசி இல்லை. யாருக்கும் தாகம் எடுக்கும் நேரம்கூடத் தன்னுடையதாக இல்லை.

பென்ஷன் வந்ததால் வீட்டிலேயே ஆள் வைத்துக்கொள்ள முடிந்தது. இது எல்லாருக்கும் வாய்க்கிறதில்லை, தத்துவம் பேசும்போது இதை மறைக்கக் கூடாது. முதலில் ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் நைட்டிதான் வேதம். இப்போது இருக்கிற பெண் பக்கத்துக் கிராமம். அவளோடு புடவை கட்டுவது எப்படி என்று சொல்கிறேன். பீரோவைத் திறந்து இரண்டு புடவையை எடுத்து என் மடியில் வைப்பாள். நான் ஒன்றில் கை வைப்பேன், அல்லது இரண்டையும் தள்ளிவிடுவேன். கட்டிலில் என்னை இடப்பக்கம் சாய்த்து ஒரு சுற்று செருகி, வலப்பக்கம் சாய்த்து இன்னொரு சுற்று. கொசுவத்தை அவள் விரலால் மடித்து என் கையில் தருவாள், நான் அழுத்திப் பிடித்துக்கொள்வேன், அவள் செருகுவாள். வீல்சேரில் உட்கார வைத்ததும் கண்ணாடி முன்னால் தள்ளிவந்து, என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, என் கண் மட்டத்தில் இருந்து அவளும் பார்ப்பாள். நின்றுகொண்டு பார்த்தால் முந்தானை சரியாகத்தான் தெரியும். “இந்தப் பக்கம் ஏறிக்கிடக்கு டீச்சர், இருங்க.” இருபது நிமிஷம் ஆகும். நைட்டி என்றால் மூன்று நிமிஷம்.

மெய்கண்டார் பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். பதினோராவதைப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் எதிரே நின்றது. கண் தானாகப் பார்த்துவிடாது. உயிர் அதற்குக் காட்டவும் வேண்டும், கூடவே இருந்து தானும் காணவும் வேண்டும். அதுபோல உயிருக்கு இறைவன். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். உயிருக்குப் பதிலாக இறைவன் கண்டுகொள்கிறான் என்றால் கதை முடிந்தது, உயிர் வெறும் கல். சைவ சித்தாந்தம் அந்தப் பக்கம் போகவில்லை. உயிருக்கு இச்சை, அறிவு, செயல் மூன்றும் சொந்தமாக உண்டு என்று பிடிவாதமாக நிற்கிறது. ஆனால் மூன்றும் ஆணவத்தால் மூடிக் கிடக்கின்றன, தானே திறந்துகொள்ளாது. செயலைத் தூண்டக் கலை, அறிவைத் தூண்ட வித்தை, இச்சையைத் தூண்ட அராகம் என்று மாயையிலிருந்து கருவிகள் வந்து சேர வேண்டும்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். விரும்புவதற்கே உயிருக்கு ஒரு கருவி வேண்டும் என்கிறார்கள். ஓடியாடி நடக்கிற வக்கீல் தம்பிக்கும் அதுதான் நிலை. எதன் துணையும் இல்லாமல் சுயமாக எழும் இஷ்டம் என்று ஒன்றை எந்த உயிருக்கும் சித்தாந்தம் தரவே இல்லை. அவன் கேள்வியில் இருந்த பிழை அது: இஷ்டம் என்பது தனியாக நிற்க வேண்டும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, என்னால் நிற்க முடியவில்லையே என்று என்னைத் தேடினான். துணையோடு எழுவதால் இச்சை துணையினுடையது ஆகிவிடாது. தண்டியடிகள் கயிற்றைப் பிடித்துத்தான் நடந்தார். எங்கே தோண்டுவது, எதற்குத் தோண்டுவது என்று கயிறு சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு பெரியவர் இதற்கு மடக்கினார். யோக்கியமான கேள்வி. “அம்மா, நான் எனதுங்கிறதை விடத்தானே சமயம். புடவைக் கலர்ல போய் ஆத்ம சுதந்திரம் தேடறீங்களே.” எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. விடுவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். பிடுங்கப்பட்டதைத் தானம் என்று யாரும் எழுதுவதில்லை. காரைக்காலம்மையார் தன் ஊனுடம்பை உதறிப் பேய்வடிவம் வேண்டும் என்று அவரே கேட்டார். அதே உருவத்தைப் புருஷனோ ஊராரோ அவருக்கு என்று தீர்மானித்துத் தந்திருந்தால் அதைப் புராணமாக்கிப் பாடுவோமா? துறவுக்கும் பறிமுதலுக்கும் வித்தியாசம் கேட்டதில்தான் இருக்கிறது. காப்பகத்து நைட்டியைத் துறவு என்று சொல்லி எனக்குப் போர்த்த வந்தால் நான் ஒப்ப மாட்டேன்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். பதினாலு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி, கழுத்துக்குக் கீழே அநேகமாக ஒன்றும் அசையாமல், இரும்பு நுரையீரல் என்னும் எந்திரத்துக்குள் தூங்கியவர். கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை, இவர் வேலைக்கு ஆகமாட்டார், படிக்க உதவி தர முடியாது என்றது. போராடி 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972-ல் நண்பர்களோடு அங்கே ஒரு மையம் திறந்தார். உதவியாளை யார் வைப்பது, யார் விலக்குவது, என்ன வேலை, எந்த நேரம் என்பதை உதவி பெறுகிறவரே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1975-ல் அவரை உதவாதவர் என்ற அதே துறைக்கு அவரே இயக்குநர் ஆனார். எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் இது. ஆனாலும் அந்த இயக்கத்தின் பேச்சில் ஒரு முதலாளி வாடை அடிக்கிறதாக எனக்குத் தோன்றும். என் வீட்டுப் பெண் கயிறு இல்லை. அவளுக்கும் இச்சை உண்டு, இடுப்பு வலி உண்டு. கோயில் குளமான கமலாலயத்தில் தெப்பம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால், அந்தக் கூட்டத்தில் வீல்சேரைத் தள்ளி என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது அவள் உடம்பு. ஒரு வருஷம் அவள் முடியாது என்றாள். நான் போகவில்லை. அந்த ராத்திரி வெடிச் சத்தம் மட்டும் கேட்டது, எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் என் விருப்பம் இன்னதென்று அவளுக்கும் தெரிந்து, அவள் மறுப்பு இன்னதென்று எனக்கும் தெரிந்து நடந்த விஷயம் அது. கூட்டம் உங்களுக்கு ஆகாது டீச்சர் என்று என் நன்மையைச் சொல்லி அவள் மறைத்திருந்தால்தான் சண்டை வந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பாதி. எனக்குப் பேச வாய் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, மேற்கோள் காட்ட மெய்கண்டார் இருக்கிறார். என் தங்கை மகனுக்கு இவை இல்லை. முப்பதைத் தாண்டியவன், அறிவுசார் குறைபாடு. நூறு வரை எண்ணுவான், இருநூறு ரூபாய்க்கு மிச்சம் வாங்கத் தெரியாது. அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அவன் பெயரில் வருகிறது. எடுக்கிறது என் தங்கை. அவனை என்ன கேட்டாலும் முன்பெல்லாம் “சரி” என்பான். இட்லியா தோசையா? சரி. ஊருக்கு வருகிறாயா? சரி. வரவேண்டாமா? சரி. பார்த்தாயா, அவனுக்கு என்று ஒன்றும் கிடையாது என்பாள் தங்கை. யாரும் அவன் பதிலுக்குக் காத்திருந்ததே இல்லை என்பது என் கட்சி. அராகம் என்று சித்தாந்தம் சொல்வதை அவனிடம்தான் கண்ணால் பார்த்தேன். இரண்டு சட்டையை முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், வெகுநேரம் கழித்து ஒன்றைத் தொடுவான். நீலம். எப்போதும் நீலம். சும்மா இருப்பதுதான் மற்றவர்களுக்கு முடியவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இவனைப் போன்றவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க மாவட்ட அளவில் குழு வைத்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காப்பாளரின் அதிகாரத்தைச் சுருக்கி, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து என்று எழுதியது. முழுத் துணை தேவைப்படுகிறவர்களுக்கென்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது, அது வழியாகப் பழையது எல்லாம் திரும்பி வரலாம். அதற்கு முன்பே 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைப் பார்த்தது. சண்டிகரில் அரசு விடுதியில் இருந்த, பெற்றோர் இல்லாத, லேசான அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண். விடுதிக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைத்துவிடலாம், அவளுக்கு அதுதான் நல்லது என்றது உயர் நீதிமன்றம். அவளைக் கேட்டபோது குழந்தை வேண்டும் என்றாள். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம்ம ஈரோட்டுப் பக்கத்து நீதிபதி பி. சதாசிவம், நீதிபதி பி.எஸ். சௌகான் மூவர் அமர்வு, அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அவள் எடுத்தது சரியான முடிவா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன். அவளைக் காக்கத் தவறிய அதே அமைப்பு, அடுத்த நிமிஷமே அவள் நன்மையை அவளைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று வந்து நின்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

என் வகுப்புப் பெரியவர் இதையும் கேட்டார். இறைவன் எல்லாம் அறிந்தவன், அவன் நமக்காகத் தீர்மானித்தால் ஒப்புக்கொள்கிறோமே, விவரம் தெரிந்த தாய் விவரம் தெரியாத பிள்ளைக்குத் தீர்மானித்தால் என்ன குற்றம்? ஆனால் அந்த எல்லாம் அறிந்தவனே அவசரப்படுவதில்லையே. நல்வினை தீவினை இரண்டையும் சமமாகப் பார்க்கும் இருவினையொப்பு வர வேண்டும், ஆணவ மலம் பக்குவப்படும் மலபரிபாகம் ஆக வேண்டும், அதற்கு அப்புறம்தான் அருள் பதியும் சத்திநிபாதம். உயிர் பக்குவப்படும்வரை பிறவி பிறவியாகக் காத்திருக்கிறான். முக்காலமும் தெரிந்தவனே இப்படிக் காத்திருக்கிறான் என்றால், நாளைக்கு மழை வருமா என்று தெரியாத நாம் ஒரு சட்டைக்காகவாவது காத்திருக்கலாம்.

தங்கை இதைக் கேட்டுவிட்டு, “உன் சித்தாந்தத்துல பஜ்ஜிக்கு என்னக்கா சொல்லியிருக்கு?” என்றாள்.

பஜ்ஜிதான் இப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினை. மாதம் அவன் கையில் கொஞ்சம் பணம் தர வேண்டும் என்று நான் வற்புறுத்தி, தங்கை ஒப்புக்கொண்டாள். அவன் தினமும் சாயங்காலம் தனியாகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிடுகிறான். கடைக்காரர் அவனை “வாங்க தம்பி” என்கிறார். வீட்டில் அவனை யாரும் “வாங்க” சொன்னதில்லை. போன மாதம் சர்க்கரை ஏறியிருந்தது. ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் உரசியும் போனது. 1972-லேயே ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் எழுதியிருக்கிறார்: இவர்களை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பதே அவர்களின் மனித மரியாதையைக் குலைக்கும் என்று. எழுதுவது எளிது, பைக் உரசிய முழங்கைக்கு மருந்து போட்டவள் என் தங்கை. ராத்திரி தூக்கம் கெடுகிறவளும் அவள்தான். அவள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

டாக்டரிடம் அவனையே உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். அந்த டாக்டர் கொஞ்சம் பொறுமைசாலி. காகிதத்தில் ஏழு பஜ்ஜி வரைந்து, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நாலை அவனே அடிக்கச் சொன்னார். எந்த நாள் பஜ்ஜி என்று அவனே குறித்தான்: செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. மற்ற நாள் டீயும் சுண்டலும். அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. இரண்டு வாரம் சரியாக நடந்தது, பிறகு ஒரு புதன்கிழமை எண்ணெய்க் காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். மறைக்கக்கூட இல்லை. தங்கை எனக்குப் போன் செய்தாள். இனிமேல் பணம் தரப்போவதில்லை, இவனுக்கு முடிவு பண்ணத் தெரியாது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்றாள்.

தங்கைக்கும் சர்க்கரைதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் பால்கோவா டப்பாவைத் திறக்கிறது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் ஏடிஎம் கார்டை யாரும் பிடுங்கவில்லை என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டு, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது தனக்கும் ஒரு காகிதம் வரைந்து தரச் சொல்லப் போவதாகச் சொன்னாள். பணம் தருவதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.